எமிலியானுஸ் அனுங்காத நாள்

வில்லரே என்ற எங்கள் பகுதியில் எமிலியானுஸின் இடது காலை அறியாத தமிழர் ஒருவரும் கிடையாது. வெயில் காலம் வந்தால் அரைக்காற்சட்டையோடு தன் வீட்டு இரும்புப் படிக்கட்டின் நடுப்படியில் வந்து குந்துவார். தொடையின் உள்பக்கத்தில் புறப்பட்டு, முழங்காலை ஒரு சுற்றுச் சுற்றி, கணுக்கால் வரைக்கும் நீலமும் ஊதாவுமாய்ச் சுருண்டு புடைத்த நரம்புகள். ஒவ்வொன்றும் சின்னவிரல் மொத்தம். நான் சொல்லும்போது கட்டைவிரல் மொத்தம் என்றுதான் சொல்லுவேன். தொடையால் இறங்குவது நிலத்துக்கடியில் ஓடுகிற மெத்ரோ ரயிலின் ஒரேஞ் லைன், குறுக்கே போவது கிறீன் லைன். முழங்காலுக்குப் பின்னால் எல்லாப் பாதையும் வந்து விழுகிற இடத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு முடிச்சு இருந்தது. அது பெரி-யூகாம் ஸ்டேசன். தெருவால் போகிற பிள்ளைகளை மறித்து, எங்கே இறங்கி எங்கே மாறவேண்டும் என்று எமிலியானுஸே தன் காலில் தொட்டுக் காட்டுவார். அப்படிப் படித்த பிள்ளைகள் ஒருவரும் இந்த ஊரில் வழி தவறியதில்லை.

அந்தக் கால் சும்மா அப்படி ஆகவில்லை. பேசாலையில் இருந்து வந்த அடுத்த கிழமையே ஜோன்-தலோன் தெருவில் ஒரு கோழிக்கடையின் பின்பக்கம் கோப்பை கழுவ நின்றவர், பென்சன் எடுக்கும் வரைக்கும் அந்த ஈரத் தரையை விட்டு அசையவில்லை. அவர் கழுவிய கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கினால் ஊர் நடுவில் உள்ள மலை உச்சியில் நிற்கிற சிலுவைக்கு மேலே ஏறி நின்று பார்க்கலாம். கோப்பை கழுவுகிறவன் நடப்பதில்லை, இருப்பதில்லை, நிற்பான். இறங்கின இரத்தம் ஏற வழியில்லாமல் காலிலேயே குடியிருந்துவிட்டது.

அவருடைய இன்னொரு சொத்து அனுங்கல். முள்ளுக் குத்தினால் அனுங்குவார், தடிமன் வந்தால் அனுங்குவார், தலைமயிர் வெட்டும்போதும் அனுங்குவார். கோயிலில் முழந்தாளிட்டு எழும்பும்போது "ஐயோ மாதாவே" என்று அவர் விடுகிற சத்தத்தைக் கேட்டு, புதிதாய் வந்த சுவாமியார் தன்னுடைய பிரசங்கம்தான் அந்த மனுசனின் நெஞ்சைப் பிளந்துவிட்டது என்று நினைத்து, பூசை முடியக் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எமிலியானுஸ் மறுக்கவில்லை.

அவர் பெண்சாதி மாக்கிரட்டுக்கு அந்த அனுங்கல் காற்றோடு காற்று. "கத்தினால் பயமில்லை" என்பார்.

அந்த மாக்கிரட்தான் இப்போது வீட்டில் இல்லை. மகள் பிரியந்திக்கு ரொறன்ரோவில் முதல் பிள்ளை பிறந்தபோது, மூன்று மாதம் நின்று பார்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சூட்கேசோடு பஸ் ஏறியவர். மூன்று மாதம் முடிய, பிரியந்தி வேலைக்குத் திரும்பவேண்டும் என்றார்கள். வேலைக்குத் திரும்பியதும் இரண்டாவது வந்தது. இப்போது அந்த இரண்டாவதுக்கும் பல்லு முளைத்து, ஆட்களைக் கடித்துக்கொண்டு திரிகிறது. மாக்கிரட்டின் வீட்டுச் செருப்பு மட்டும் கதவடியில், அவர் கழற்றி வைத்த கோணத்திலேயே கிடந்தது. எமிலியானுஸ் அதைச் சுற்றிக் கூட்டுவார், அதை எடுத்துக் கூட்டமாட்டார்.

அந்த வீடு இரண்டாம் மாடி. பின்னேரம் நாலரைக்கே இருட்டுகிற நொவெம்பரில், குசினி லைற்றை மட்டும் போட்டுவிட்டு, ஒரு சுண்டு அரிசி போட்டுச் சமைத்து, அதை இரண்டு நாள் சாப்பிடுவார். ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவரும் கேட்பதில்லை. ஏழு மணிபோல மாக்கிரட் ரெலிபோன் எடுப்பார். பிள்ளைகளின் கூத்து, பிரியந்தி சட்டியில் கரண்டி போடுகிற சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் மாக்கிரட்டின் "ம்". எமிலியானுஸ் அன்றைக்கு நொந்தவற்றையெல்லாம் வரிசையாய் அனுங்குவார். மாக்கிரட் எல்லாவற்றுக்கும் "ம்" போடுவார். பிறகு வைத்துவிடுவார்கள்.

கணுக்காலடியில் தோல் கறுத்து, சொறிந்த இடத்தில் புண் வர வெளிக்கிட்டபோதுதான் குடும்ப டொக்டர் இனிப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது என்று லேசர் கிளினிக்குக்கு அனுப்பினார். கூட்டிப்போனது நடராசா. திருகோணமலைக்காரர், எமிலியானுஸின் வயது, இன்னமும் அரைநேரம் டாக்சி ஓடுகிறவர். லேசர் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து நடராசாவின் வாய் மூடவில்லை. பியர்பொன்ட்ஸில் ஒருவருக்குக் கை தவறித் தொடையில் விட்ட வெளிச்சம் குதிக்காலால் வெளியே வந்து, தரையில் விரித்த கம்பளத்தில் ஓட்டை போட்டதாம். இன்னொருவருக்கு நரம்பெல்லாம் எரிந்து ஒரு காது கேளாமல் போய்விட்டதாம். அந்தக் கதைகளை நான் ஒருபோதும் நம்பவில்லை. ஆனாலும் போகிற இடமெல்லாம் சொன்னேன்; நல்ல கதைகள்.

நடந்தது இவ்வளவும் இல்லை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டார்கள். முழங்காலடியில் சின்ன ஊசி, அதற்குள்ளால் நூல் போல ஒரு வயர், கால் நீளத்துக்குக் குளிர்ந்த மருந்துத் தண்ணீர். பக்கத்தில் நின்றவர் ஸ்கான் திரையில் வயர் போகிற வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணித்தியாலத்தில் ஒரேஞ் லைனை உள்ளுக்குள்ளேயே சுட்டு மூடிவிட்டார்கள். எமிலியானுஸ் விட்ட அனுங்கலில் பக்கத்து அறையில் கிடந்தவர் எழும்பிக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

டொக்டர் ஒரு இளம் பெண். கட்டில் விளிம்பில் வந்து இருந்து, நிதானமான பிரெஞ்சில் எல்லாம் சொன்னாள். கால் நீலம் பாயும். தொடைக்குள் யாரோ கயிறு கட்டி இழுப்பது போல இருக்கும். லேசர் சூடு பக்கத்து உணர்வு நரம்பில் பட்டிருந்தால் கணுக்கால் விறைக்கும், சிலருக்கு அது மாதக்கணக்கில் நிற்கும். தோல் கொஞ்சம் சுடுபடலாம், மண்ணிறத் தழும்பு விழலாம். இவை ஒன்றுக்கும் பயப்படத் தேவையில்லை. அபூர்வமாய் வருகிற ஒன்று மட்டும் இருக்கிறது. ஆழத்தில் ஓடுகிற பெரிய இரத்தக்குழாயில் இரத்தம் கட்டிபடலாம். அந்தக் கட்டி கழன்று மேலே ஓடி நெஞ்சுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. ஆகவே நடக்கவேண்டும். இறுக்கமான நீட்டுக் காலுறையைப் போட்டுக்கொண்டு காலையும் நடக்கவேண்டும், மத்தியானமும் நடக்கவேண்டும், பின்னேரமும் நடக்கவேண்டும். படுத்துக் கிடக்கக்கூடாது. கெண்டைக்கால் வீங்கி நொந்தால் ஒருவரையும் கேட்டுக்கொண்டிராமல் ஆஸ்பத்திரி.

விளங்கியதா என்று கேட்டாள். விளங்கியது. எமிலியானுஸின் பிரெஞ்சு கோழிக்கடையின் பின்கதவால் வந்த பிரெஞ்சுதான். ஆனாலும் நட என்றால் நட என்று தெரியாமல் அந்தக் கடையில் அவ்வளவு காலம் நின்றிருக்க முடியாது.

முதல் சில நாட்கள் நடக்கவும் செய்தார். மூன்று தரமும் கோட்டை மாட்டி, இரும்புப் படியால் பக்கவாட்டில் இறங்கி, தெருமுனைக் கடையான டெப்பனர் வரைக்கும் போய், ஒன்றும் வாங்காமல் திரும்பிவருவார். ஒரு மனிதரும் எதிர்ப்படுவதில்லை. எதிர்ப்பட்டாலும் கழுத்துத்துணிக்கு மேலே கண் மட்டும் தெரிகிற குளிரில் எல்லாரும் எல்லாருக்கும் அந்நியர். அந்த நேரத்தில் அவர் அனுங்கியதைக் கேட்டது சோளப்பொரிப் பைக்குள் தலையை விட்டிருந்த ஒரு அணில் மட்டும்தான்.

பிறகுதான் கீழ்வீட்டு இந்திராதேவி கண்டார். கார்டெறியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறவர். நாள் முழுக்க மழலைகளைப் படுக்கவைத்துப் படுக்கவைத்து, நிற்கிற ஆட்களைக் கண்டாலே கை பரபரக்கும். படியடியில் மறித்துவிட்டார்.

"நரம்பைச் சுட்டுப்போட்டு றோட்டிலை திரியிறியளோ அண்ணை? ஒப்பரேசன் செய்த உடம்பெல்லோ?"

"நடக்கச் சொன்னவை, பிள்ளை."

"அவை வெள்ளைக்காரருக்குச் சொல்லுறது. அவை பிள்ளை பெத்த அண்டைக்கே ஐஸ் தண்ணி குடிச்சிட்டுக் கார் ஓடிக்கொண்டு போற சனம். நீங்கள் ஏறிப் படுங்கோ."

ஏறிப் படுத்தார். அன்று பின்னேரம் இந்திராதேவி சரக்கு அரைத்து மீன்கறி காய்ச்சிக் கொண்டுவந்தார். மல்லி, மிளகு, உள்ளி எல்லாம் போட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற அதே பத்தியக் கறி. எமிலியானுஸ் அதைச் சாப்பிட்டுவிட்டுச் சட்டியையும் வழித்தார். அடுத்த நாள் வேறு இருவர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் படிக்கட்டில் சப்பாத்து வைக்க இடமில்லை.

இதில் ஒரு விசயம் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களுக்கு நோயாளி என்றால் படுக்கவேண்டும். எழும்பித் திரிகிற நோயாளியைப் பார்க்க ஹோர்லிக்ஸும் திராட்சையும் வாங்கிக்கொண்டு படி ஏறினால், ஏறினவருக்கு அவமரியாதை. ஆகவே கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் எமிலியானுஸ் போர்வையை இழுத்துவிடுவார். வந்தவர்கள் கட்டிலைச் சுற்றிக் கதிரை போட்டு இருப்பார்கள். அவர் கண்காட்சி திறப்பதுபோலப் போர்வையை விலக்குவார். தொடையெல்லாம் நீலம் பாய்ந்து, ஓரம் மஞ்சளாகி, பச்சையாகி, கத்தரிக்காய், மாங்காய், பாகற்காய் என்று ஒரு மரக்கறிக் கடையே விரிந்து கிடந்தது. "ஒரேஞ் லைன் பூட்டு. திருத்தவேலை" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். உடனே ஒரு அனுங்கல். எல்லாரும் ச்சூ கொட்டுவார்கள். நானும் இரண்டு தரம் போனேன். மனுசனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் கண்டதில்லை; லேசர் காலில்தான் விட்டார்களா முகத்தில் விட்டார்களா என்று சந்தேகமாய் இருந்தது.

நடப்பது நின்றுபோயிற்று. காலையில் நடக்கலாம் என்று நினைப்பார். காலையில் யாராவது வந்துவிட்டால் என்று இருப்பார். மத்தியானமும் அப்படி. ஆள் வராத மணித்தியாலங்களிலும் ஆளுக்காகக் கட்டிலிலேயே கிடந்தார்.

மாக்கிரட்டுக்குக் கதை போகாமல் இருக்குமா? ரெலிபோனில் கேட்டார்.

"உங்கை சந்தையாம் எண்டு கேள்வி. நடக்கிறியளோ?"

"நடக்கிறன் நடக்கிறன். ஐயோ... உந்தத் தொடை இழுக்கிற இழுவை, மாக்கிரட், ஏரோப்பிளேனைக் கட்டி இழுக்கிற மாதிரி."

"ம்."

"நீர் ஒண்டுக்கும் வரவேண்டாம். நான் சமாளிப்பன்."

"நான் வாறன் எண்டு சொல்லேல்லையே" என்றார் மாக்கிரட்.

எமிலியானுஸ் அதன்பிறகு கனநேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வரவேண்டாம் என்று சொன்னது, வாறன் என்று மாக்கிரட் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான்.

ஒரு கால் எவ்வளவு நாளைக்குத்தான் ஊரைப் பிடித்துவைக்கும்? முதல் பனி கொட்டியது. கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பனிக்கால ரயர் மாற்ற ஓடினார்கள். நத்தார் வருகிறது, கரோல் பழகவேண்டும், கேக் அடிக்கவேண்டும். படிக்கட்டில் சப்பாத்துகள் குறைந்து ஒரு சோடி ஆயிற்று, பிறகு அதுவும் இல்லை. எமிலியானுஸ் கதவைத் திறந்துவைத்துவிட்டு உரத்து அனுங்கிப் பார்த்தார். இந்திராதேவி கீழே வேலைக்குப் போயிருந்தார். வில்லரே முழுக்கப் பனி விழுகிற சத்தம்தான். அதாவது ஒரு சத்தமும் இல்லை.

இனி நான் சொல்லப்போவதில் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை விடிய, கட்டிலால் காலை இறக்கும்போது கெண்டைக்கால் சதை வேறு மாதிரி நொந்தது. தொடையின் இழுவை இல்லை. ஆழத்தில் ஒரு இடம் பிடித்துக்கொண்டது போல. தொட்டால் சூடு. காலுறையின் விளிம்பு தோலுக்குள் புதைந்து வரி விழுந்திருந்தது. டொக்டர் சொன்னது சொல்லுக்குச் சொல் அவர் காதில் வந்து நின்றது. எமிலியானுஸ் அனுங்க வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

உண்மையான பயம் அவருக்கு அப்படித்தான் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு. யாரிடம் சொல்வது? சொன்னால் நடந்தீரா என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு தள்ளுகட்டிலில் தனியே கிடக்கவேண்டும். மாக்கிரட்டுக்குச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வருவார். இத்தனை நாளும் அவர் ஆசைப்பட்டது அதற்குத்தான். இப்போது அந்த ஆசை வெட்கமாய் இருந்தது. மாக்கிரட் தானாய் வரவேண்டும், ஒரு வீங்கின கால் இழுத்து வரக்கூடாது. இன்றைக்கு ஒரு நாள் பார்ப்போம் என்று போர்வையை இழுத்துக் காலை மூடினார். நாள் முழுக்க அந்தக் காலை அவர் பார்க்கவில்லை.

பின்னேரம் நடராசா வந்தார், கையில் போத்தலோடு. நல்லெண்ணெயில் என்னென்னவோ இலைகள் போட்டுக் காய்ச்சி வடித்தது; அந்த எண்ணெயைப் பூசி உருவிவிட்டால் முறிந்த மேசைக்காலும் பொருந்தும் என்று அவருக்கு நம்பிக்கை. இந்திராதேவியும் இடியப்பத்தோடு ஏறி வந்தார்.

எமிலியானுஸ் தலையணையில் சாய்ந்திருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, ஓம், இப்ப சுகம் என்றார். இடியப்பத்தை வாங்கி, பிள்ளைக்கு ஏன் வீண் கரைச்சல் என்றார். நடராசாவை இருக்கச் சொன்னார். இரண்டு பேருக்கும் சந்தோசம். மனுசன் தேறிவிட்டார் என்றே இருவரும் நம்பினார்கள். நடராசா அடுப்பில் எண்ணெயை இளஞ்சூடாக்கிக்கொண்டு வந்து, கோட்டைக் கழற்றி, சேட்டுக்கையை மடித்துவிட்டார்.

"எந்த இடம் உருவவேணும் சொல்லும். மேலையிருந்து கீழை ஒரு இழுவை. கட்டி முட்டி கிடந்தாலும் ஓடிப்போம்."

எமிலியானுஸ் போர்வையைப் பிடித்த பிடி விடவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அப்போது ரெலிபோன் அடித்தது. இந்திராதேவி அதை அமத்தி, எல்லாருக்கும் கேட்கக் கட்டிலில் வைத்தார்.

"என்ன மாதிரி?" என்றார் மாக்கிரட். பின்னால் சின்னது வீரிட்டது.

"நல்லாய் இருக்கிறன்."

"தொடை?"

"ஒண்டும் இல்லை. சுகம்." கொஞ்சம் நிறுத்தி, மெல்லிய குரலில் கேட்டார்: "நீர் சாப்பிட்டீரோ?"

மறுமுனையில் பிள்ளையை யாரோ வாங்கிக்கொண்டுபோக, அழுகை தூரப்போயிற்று. ஒரு கதவு சாத்துப்பட்டது.

"ஆர் பக்கத்திலை நிக்கிறது? இந்திராவோ?"

"ஓம் அக்கா. அண்ணைக்கு இப்ப நல்ல சுகம். நடராசா அண்ணை எண்ணெய் போட்டு உருவிவிட வந்திருக்கிறார்."

"அவரைத் தொடவேண்டாம் எண்டு சொல்லும். அவருக்கு என்னவோ நடந்திட்டுது."

"இல்லை அக்கா, அவர் அனுங்கவே இல்லை. நல்ல அமைதியாய்..."

"அதைத்தான் சொல்லுறன், பிள்ளை. கலியாணம் கட்டின நாளிலை இருந்து அந்த மனுசன் என்னைச் சாப்பிட்டீரோ எண்டு ஒருக்காலும் கேட்டதில்லை. போர்வையை எடும். காலுறையைக் கழட்டும். ரெண்டு காலையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாரும்."

எமிலியானுஸ் கண்ணை மூடிக்கொண்டார். இந்திராதேவி போர்வையை விலக்கினார். வலது கால் வலது காலாய் இருந்தது. இடது கெண்டைக்கால் அதைவிட மொத்தமாய், மினுங்கி, சிவந்து இருந்தது. நடராசா எண்ணெய்ச் சட்டியைக் கீழே வைத்தார். அவர் வாய் மூடி நின்றதை அன்றைக்குத்தான் இந்திராதேவி கண்டாராம்.

"வீங்கியிருக்கு, அக்கா."

"மூச்சு எடுக்கிறாரோ ஒழுங்காய்?"

"ஓம்."

"இஞ்சாருங்கோ" என்றார் மாக்கிரட், இப்போது அவரிடம். "எப்ப தொடக்கம்?"

"விடிய."

"நடந்தியளோ?"

எமிலியானுஸ் போர்வையை இழுத்துக் காலை மூடினார். மாக்கிரட் திருப்பிக் கேட்கவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த இரும்புப் படிக்கட்டு ஒரு ஆள் இறங்குவதற்கே வளைந்து கஞ்சத்தனமாய்க் கட்டினது. பனி உறைந்து கண்ணாடியாய்க் கிடந்தது. நடராசா முன்னால் பின்பக்கமாய் இறங்க, இந்திராதேவி பனி இளக உப்பை அள்ளி முன்னால் எறிந்துகொண்டு பின்னால் வர, எமிலியானுஸ் இருந்த இருப்பில் ஒவ்வொரு படியாய் நகர்ந்து இறங்கினார், கோடையில் மெத்ரோ பாடம் எடுத்த அந்த நடுப்படியையும் தாண்டி. அப்போதும் சத்தம் இல்லை. அதுதான் தன்னைக் கலக்கியது என்று நடராசா பிறகு சொன்னார். காரில் போகும்போது, ஒரு சொல் அனுங்கும், என்ரை ராசா, ஒரு சொல் அனுங்கும் என்று கெஞ்சிக்கொண்டே ஓடினாராம். சிவப்பு லைற்றுகளைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஸ்கானில் கட்டி தெரிந்தது. கெண்டைக்காலின் ஆழத்தில், இன்னும் மேலே ஏறாமல். ஒரு கிழமை கிடந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டதற்கு அங்கிருந்த டொக்டர் தோளைக் குலுக்கினார். அந்த எண்ணெய்க் கதையைக் கேட்டபோது மட்டும் பேனையை வைத்துவிட்டு நடராசாவை ஏற இறங்கப் பார்த்தார். வீங்கின காலைப் போட்டு உருவினால் கட்டி கழன்று ஓடும் என்று நடராசாவுக்கு மெதுவாய் விளங்கப்படுத்தினார். நடராசா கோட்டுப்பைக்குள் கிடந்த அந்தப் போத்தலை எடுத்துக் குப்பைவாளிக்குள் வைத்தார். எறியவில்லை, வைத்தார். இரத்தத்தை இளக்கிற குளிசையை மாதக்கணக்கில் குடிக்கவேண்டும் என்று சொல்லி, விடிய வீட்டுக்கு விட்டார்கள். நடக்கச் சொன்னார்கள்.

அன்று, வெள்ளிக்கிழமை மத்தியானம், படிக்கட்டில் கால் சத்தம் கேட்டது. எந்தப் படியில் மூச்சு வாங்கி நிற்கிற கால் என்று எமிலியானுஸுக்குத் தெரியும். மாக்கிரட் சூட்கேசைக் கதவடியில் வைத்து, கிடந்த செருப்புக்குள் காலை நுழைத்தார். குசினியைப் பார்த்தார். வரிசையாய் நிற்கிற ஹோர்லிக்ஸ் போத்தல்களைப் பார்த்தார். பிறகு கட்டிலடிக்கு வந்து நின்றார்.

"எழும்புங்கோ. கோட்டைப் போடுங்கோ."

"இப்பதானே வந்தனீர். தேத்தண்ணி..."

"நடந்திட்டு வந்து குடிப்பம்."

இரண்டு பேரும் டெப்பனர் வரைக்கும் நடந்தார்கள். மாக்கிரட் அவருடைய கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் கையைத் தயாராய் வைத்துக்கொண்டு நடந்தார். ஜரி பார்க் பக்கமிருந்து காற்று முகத்தைச் சீவியது.

"சொன்னால் வந்திருப்பீர், அதாலைதான் சொல்லேல்லை" என்றார் எமிலியானுஸ்.

"வீக்கத்தைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடவேணுமோ? வாரும் எண்டு ஒருக்காச் சொல்லியிருந்தால், கால் வீங்க முதலே வந்திருப்பன்."

"நான் வரவேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்."

"ஓம். நீங்கள் சொன்னதைத்தான் நான் கேட்டனான்."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்த வீட்டில் மூன்று சுண்டு அரிசி அவிந்தது. ரேடியோவை ஒருவரும் போடவில்லை. மாக்கிரட் காலையில், மத்தியானத்தில், பின்னேரத்தில் அவரை இறக்கி நடத்தினார். பிரியந்தி திங்கள் வேலைக்குப் போகவேண்டும், பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. நில்லும் என்ற சொல் எமிலியானுஸின் நாக்கு நுனி வரைக்கும் வந்ததை இந்திராதேவி தன் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். அப்படி ஒன்றைக் கண்ணால் காண ஏலாது, ஆனாலும் நான் நம்புகிறேன். மாக்கிரட்டைப் பஸ் நிலையத்துக்கு நடராசா கொண்டுபோய் விட்டார். நிலையம் இருப்பது பெரி-யூகாமுக்குப் பக்கத்தில்தான். அதை வைத்து ஒருவரும் பகிடி விடவில்லை.

இப்போது பின்னேரத்தில் அந்தத் தெருவால் போனால் அவரைக் காணலாம். மாக்கிரட்டின் கட்டளை: ரெலிபோனைச் சட்டைப்பைக்குள் திறந்துவைத்துக்கொண்டு நடக்கவேண்டும், சப்பாத்துப் பனியில் நொறுங்குகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்கவேண்டும். அங்கே மாக்கிரட் சின்னதைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடப்பார். இங்கே நொறுங்கல், அங்கே சில்லு. பெரும்பாலும் பேச்சு இல்லை.

நேற்று டெப்பனர் வாசலில் நொறுங்கல் நின்றது. நான் உள்ளே பால் எடுத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்குள்ளால் அவர் முகம் தெரிந்தது.

"ஏன் நிண்டிட்டியள்?" என்று சட்டைப்பை கேட்டது.

எமிலியானுஸ் ரெலிபோனை எடுத்துக் காதோடு வைத்தார். அவர் கேட்க விரும்பியது என்ன என்று எனக்கு நல்லாய்த் தெரியும். அங்கே பிள்ளைகளுக்குச் சோறு தீத்தி, பிரியந்திக்குப் போட்டுவைத்து, கடைசியாய் அடிச்சட்டியில் மிஞ்சியதை நின்ற நிலையில் சாப்பிடுகிற மனுசி. சாப்பிட்டீரோ என்ற அந்தக் கேள்வி அவர் வாய்க்குள் வந்து நின்றது. கேட்டால் மாக்கிரட் பயந்து அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். அவர் வாயை மூடி, விழுங்கி, பிறகு தெருவின் இரண்டு கரையும் கேட்க ஒரு அனுங்கல் விட்டார்.

"ஐயோ மாதாவே, என்ரை கால்..."

"ம்" என்றார் மாக்கிரட், நிம்மதியாய். "நடவுங்கோ."

அவர் நடந்தார்.